உடன் இருப்பவர் பெயர்

ஜூலை 2, செவ்வாய்

என் வீட்டுக்காரர் பிரிட்டோ வேலை பார்க்கும் பனியன் கம்பெனியில் கொடுத்த டைரி ஆறு மாதமாக அலமாரியில் சும்மா கிடந்தது. "மாத்திரை போட்ட நாளை எழுதி வையும்மா, அப்புறம் வந்து மறந்துட்டேன்னு தலையைச் சொறியக் கூடாது" என்று நர்சம்மா சொன்னதால் இன்றைக்கு வெளியே எடுத்தேன். இரும்புச்சத்து மாத்திரை போட்டாயிற்று. கால்சியம் போட்டாயிற்று. அவ்வளவுதான் விஷயம். ஆனால் பக்கம் முழுக்கக் காலியாக இருக்கிறது, வழவழவென்று நல்ல தாள். வீணாக்க மனசு வரவில்லை, அதனால் எழுதுகிறேன்.

ஆரம்ப சுகாதார நிலையத்தில் செவ்வாய்க்கிழமை கர்ப்பிணிகளின் நாள். இன்று ஆறாம் மாதச் சர்க்கரைப் பரிசோதனை. ஒரு டம்ளர் நிறையக் குளுக்கோஸ் தண்ணீரைக் கொடுத்து மடமடவென்று குடிக்கச் சொன்னார்கள். குடித்த பிறகு இரண்டு மணி நேரம் எதையும் தின்னக் கூடாது, எங்கேயும் போகக் கூடாது. வாந்தி எடுத்துவிட்டால் இன்னொரு நாள் வந்து முதலிலிருந்து குடிக்க வேண்டும். நான்கு பேர் ஒரே பெஞ்சில் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.

"யாராச்சும் பேசுங்கப்பா. பேசாம இருந்தா எனக்கு மேல வருது" என்றாள் நீலப் புர்கா போட்டிருந்தவள். பெயர் ரிஸ்வானா. இரண்டாவது பிரசவம், வீட்டுக்காரர் ஆட்டோ ஓட்டுகிறார். அவள் பக்கத்தில் இருந்த தேன்மொழி இந்தத் திருப்பூர்க்காரி. அவளுக்கு வாயைத் திறக்க யாரும் சொல்ல வேண்டியதில்லை. மாமியாரைப் பற்றி ஆரம்பித்தவள் ஒரு மணி நேரம் நிறுத்தவில்லை. குனிந்தால் குற்றமாம், நிமிர்ந்தால் குற்றமாம், எத்தனை இட்லி தின்றாள் என்று எண்ணுகிறாராம். "எங்கத்தைய யாராச்சும் தத்து எடுத்துக்குங்க, பட்டுச்சேலையும் தந்து அனுப்பறேன்" என்றாள். நான்காவது ஆள் ரஷ்மிதா, ஒடிசாப் பெண். புருஷன் சாயப்பட்டறையில் வேலை. தமிழ் பத்து வார்த்தைதான், ஆனால் நாங்கள் சிரித்தால் கூடவே சிரித்தாள்.

எனக்கு இப்படிப் பெஞ்சுச் சிநேகிதத்தில் எல்லாம் ஆர்வம் கிடையாது. நாலு கேள்வி கேட்பார்கள், ஐந்தாவது கேள்வி வீட்டுக்குள் வந்துவிடும். அப்படியே ஆயிற்று.

"உங்க பேரு என்னங்க?" என்று ஆரம்பித்தாள் தேன்மொழி.

"சண்முகவடிவு."

"அம்மா வீடு?"

"கோவில்பட்டி."

"அப்ப பிரசவத்துக்கு அங்க போயிருவீங்க?"

"இல்ல, எங்கம்மா இங்க வர்றாக."

வாயில் வந்தது, சொன்னேன். யாரும் வாந்தி எடுக்கவில்லை.

ஜூலை 10, புதன்

நான்கு பேருக்கும் சர்க்கரை இல்லை. அந்தச் சந்தோஷத்தில் ரிஸ்வானா வாட்ஸ்அப்பில் குரூப் ஆரம்பித்துவிட்டாள். பெயர் 'சர்க்கரைத் தண்ணி'. ரஷ்மிதாவுக்குத் தமிழ் படிக்கத் தெரியாது என்பதால் எல்லாம் வாய்ஸ் மெசேஜ்தான். காலையில் எழுந்து பார்த்தால் தேன்மொழி மட்டும் பதினொன்று அனுப்பியிருக்கிறாள். ஒன்பது மாமியார் பற்றி.

இன்று நல்ல தண்ணீர் வந்தது. எட்டுக் குடம் பிடித்தேன். பிரிட்டோ வந்து பார்த்துவிட்டு "உன்ன யாரு தூக்கச் சொன்னது?" என்று குதித்தார். அவர் வேலைக்குப் போன பிறகு தண்ணீர் வந்தால் அது காத்துக்கொண்டா இருக்கும்?

ஜூலை 28, ஞாயிறு

அம்மாவுக்குப் போன் போட்டேன். டவர் சரியில்லை போலிருக்கிறது, எடுத்தவுடன் கட்டாகிவிட்டது.

மாத்திரை இரண்டும் போட்டாயிற்று.

ஆகஸ்ட் 13, செவ்வாய்

எடை இரண்டு கிலோ கூடியிருக்கிறது. பரிசோதனை முடிந்ததும் நால்வரும் எதிர்க் கடையில் உட்கார்ந்து ஆளுக்கு இரண்டு தேங்காய் பன் தின்றோம். குரூப்பில் இதைப் பற்றிப் பேசக் கூடாது என்று தேன்மொழி சத்தியம் வாங்கினாள், அவளுடைய போனை மாமியார் எடுத்துக் கேட்பாராம்.

ரிஸ்வானா தன் மூத்த பெண் பிறந்தபோது நடந்ததைச் சொன்னாள். வலி வந்த பிறகு பெரியாஸ்பத்திரியில் ஆண்களை உள்ளே விடுவதில்லை. ஒரு பெண் துணைக்கு மட்டும் அனுமதி. அவளுக்கு அவள் அம்மா கூட இருந்தார்களாம். "பக்கத்துக் கட்டில்ல ஒருத்தி, பாவம், தனியா கெடந்தா. நர்சு எத்தனை பேரைப் பாக்கும்? அவ எங்கம்மா முந்தானையப் புடிச்சிட்டு விடவே இல்ல" என்றாள்.

வீட்டுக்கு வந்து சாதம் இறங்கவில்லை. பன் தின்றதால் இருக்கும்.

ஆகஸ்ட் 25, ஞாயிறு

அம்மாவுக்கு மறுபடி போட்டேன். "அம்மா, நாந்தான்" என்பதற்குள் கட்டாகிவிட்டது. கோவில்பட்டிப் பக்கம் இப்போது எல்லாருக்குமே டவர் பிரச்சினை இருக்கும்.

இரண்டு சேலைக்கு ஓரம் அடித்தேன். பிரிட்டோவின் சட்டைக்குப் பொத்தான் தைத்தேன்.

செப்டம்பர் 12, வியாழன்

அரசாங்கத்தில் நடத்தும் சமுதாய வளைகாப்பு. கல்யாண மண்டபத்தில் நூறு கர்ப்பிணிகளை வரிசையாக உட்கார வைத்திருந்தார்கள். மேடையில் பேசியவர்கள் பேசி முடிக்கிறபாடு இல்லை. எங்களுக்கோ பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை எழுந்து போக வேண்டும். நூறு பேருக்கு ஒரே கழிப்பறை. ரிஸ்வானா எழுந்து நின்று "பேசறது பேசுங்க, மொதல்ல சோத்தப் போடுங்க" என்று கத்தினாள். நிஜமாகவே போட்டுவிட்டார்கள். எலுமிச்சை சாதம், புளி சாதம், தயிர் சாதம், ஒரு வடை.

நிறையப் பேருக்கு அம்மாவோ மாமியாரோ வந்து கன்னத்தில் சந்தனம் தடவி முதல் வளையலைப் போட்டார்கள். "உங்கம்மா எங்க?" என்று கேட்டாள் தேன்மொழி. தீப்பெட்டி ஆபீசில் லீவு கிடைக்கவில்லை என்றேன். அம்மா தீப்பெட்டி ஆபீசில் வேலை பார்ப்பது உண்மை.

அப்போதுதான் தேன்மொழியின் மாமியாரை முதன்முதலாகப் பார்த்தேன். ராமாத்தாள். கேட்ட கதைகளுக்கு ஆறடி உயரம் இருக்கும் என்று நினைத்திருந்தேன். ஐந்தடிகூட இல்லை, இரண்டு பக்கமும் மூக்குத்தி. மருமகள் கையில் வளையலைப் போட்டுவிட்டு என் பக்கம் திரும்பினார். ஒரு வார்த்தை கேட்கவில்லை.

"கையை நீட்டு கண்ணு."

நீட்டினேன். இறுக்கமாக இருந்த வளையலைச் சோப்பும் போடாமல் எண்ணெயும் தடவாமல் எப்படியோ நோகாமல் ஏற்றிவிட்டார். "எலும்புங் கூடுமா இருக்கற. ஒழுங்கா தின்னோணும்" என்று அதட்டிவிட்டு அடுத்த ஆளிடம் போய்விட்டார். கண்ணில் சந்தனம் பட்டுவிட்டது எனக்கு. வீட்டுக்கு வரும்வரை எரிந்துகொண்டே இருந்தது.

செப்டம்பர் 17, செவ்வாய்

பிரசவத்தின்போது உடன் இருப்பவர் பெயரைப் பதிவேட்டில் எழுதச் சொன்னார் நர்சம்மா. பெண்ணாக இருக்க வேண்டும், பிள்ளை பெற்றவராக இருந்தால் நல்லது, போன் நம்பர் கட்டாயம்.

பேச்சியம்மாள் என்று எழுதினேன். உறவு: தாய். நம்பரும் எழுதினேன். பேனா சரியாக எழுதவில்லை, இரண்டு முறை அழுத்த வேண்டியிருந்தது.

ரஷ்மிதாவின் முறை வந்தது. அவள் நர்சம்மாவைப் பார்த்துச் சர்வசாதாரணமாகச் சொன்னாள். "அம்மா ஒடிசா. ட்ரெயின் ரெண்டு நாள். காசு இல்ல. யாரும் இல்ல."

அவ்வளவுதான். தலையைக் குனியவில்லை, மென்று முழுங்கவில்லை. அவளுக்குத் தெரிந்த பத்து வார்த்தையில் பொய் சொல்ல இடம் இல்லை போலும்.

தேன்மொழி உடனே, "எங்கத்தைய எழுதுங்க மேடம். எனக்கு இன்னும் ஒரு மாசம் இருக்கு. சும்மா வூட்ல உக்காந்து என்னையத்தான் நோண்டிக்கிட்டு இருக்குது" என்றாள். அங்கிருந்தே போன் போட்டாள். ராமாத்தாள் அம்மா அந்தப் பக்கம் "அந்த வடக்கத்திப் புள்ளைக்கா? சரி, எழுதச் சொல்லு" என்றார். ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை.

ரஷ்மிதாமேல் எனக்குக் கோபமாக வந்தது. பொறாமை என்று சொன்னால் தப்பில்லை.

செப்டம்பர் 26, வியாழன்

ரஷ்மிதாவுக்கு நேற்று ஆண் குழந்தை. மூன்று கிலோ. ஒன்பது மணி நேரம் ராமாத்தாள் அம்மா கூடவே இருந்தாராம். இவர் கொங்குத் தமிழ் பேச, அவள் ஒடியா பேச, நடுவில் நர்சுகளுக்கு ஒன்றும் புரியவில்லையாம். "எங்க வூட்டுக்கு வந்து அவள என்னமா பாராட்டுது தெரியுமா? நான் ஒரு நாளாச்சும் அப்படி ஒரு வார்த்தை கேட்டிருப்பனா?" என்று தேன்மொழி நான்கு நிமிஷத்துக்கு வாய்ஸ் மெசேஜ் அனுப்பியிருக்கிறாள்.

நானும் வாழ்த்துச் சொல்லி ஒன்று அனுப்பினேன். அதோடு இன்னொன்றும் சொல்ல வேண்டும் என்று பட்டனை அழுத்தினேன். அப்புறம் விட்டுவிட்டேன். அம்மாதான் வரப் போகிறாளே.

அக்டோபர் 1, செவ்வாய்

பிரஷர் கொஞ்சம் கூட இருக்கிறதாம். உப்பைக் குறைக்கச் சொன்னார்கள். கால் வீங்கியிருக்கிறது, செருப்பு நுழையவில்லை. பிரிட்டோவின் செருப்பைப் போட்டுக்கொண்டு போய் வந்தேன்.

அக்டோபர் 8, செவ்வாய்

நர்சம்மா இரண்டு முறை கையில் பட்டை கட்டிப் பார்த்தார். முகம் மாறிவிட்டது. நூற்று நாற்பத்தாறு.

"இன்னிக்கே பெரியாஸ்பத்திரில அட்மிட் ஆகணும். லெட்டர் எழுதித் தரேன். பிரஷர் ஏறினா உனக்கும் ஆபத்து, குழந்தைக்கும் ஆபத்து, விளையாட்டு இல்ல. வார்டுல கூட இருக்க ஒரு லேடி வேணும். அம்மா எப்ப வர்றாங்க?"

"இன்னைக்குச் சாயங்காலம் வந்துருவாக மேடம். வந்ததும் நேரா போயிருதோம்."

லெட்டரை வாங்கிப் பையில் வைத்தேன். வீட்டுக்கு வந்தேன். பிரிட்டோ கேட்டபோது எல்லாம் நார்மல் என்றேன். அவரிடம் சொல்லி என்ன ஆகும்? வாசலில் நின்று தவிப்பார், உள்ளே விட மாட்டார்கள். அவருக்கு அம்மா இருந்தால் அவர்களாவது வந்திருப்பார்கள். அவருடைய ஏழு வயதிலேயே இறந்துபோய்விட்டார்கள்.

இரண்டு நாள் பார்க்கலாம். உப்பில்லாமல் கஞ்சி குடித்தேன்.

அக்டோபர் 9, புதன்

நர்சம்மா போன் செய்தார். அட்மிட் ஆகிவிட்டேன் என்று சொல்லிவிட்டேன். தலை வலிக்கிறது. மாத்திரை போட்டாயிற்று.

அக்டோபர் 10, வியாழன்

இன்று நிஜத்தை எழுதிவிடுகிறேன். தலைவலி மண்டையைப் பிளக்கிறது. எனக்கு ஏதாவது ஆகிவிட்டால் பிரிட்டோ இந்த டைரியைத்தான் எடுத்துப் படிப்பார். அவரிடமாவது நான் பொய்க்காரியாக இருக்கக் கூடாது.

கோவில்பட்டியில் டவர் நன்றாகத்தான் இருக்கிறது. அம்மாதான் கட் பண்ணுகிறாள். மூன்று வருஷமாக அப்படித்தான். நான் பிரிட்டோவைக் கட்டிக்கொண்டு வந்த அன்று அப்பா, "எனக்கு ஒரே புள்ளதான், அது உன் தம்பி" என்று சொல்லிவிட்டார். அம்மா அன்றைக்கு அடுப்படியில் நின்றுகொண்டிருந்தாள். வெளியே வரவில்லை. நான் முழுகாமல் இருப்பதே அவளுக்குத் தெரியாது. அதைச் சொல்லத்தான் போட்டேன், சொல்ல விடவில்லை.

எனக்குப் பயமாக இருக்கிறது. வலிகூட இல்லை, அந்த ஆளில்லாத கட்டில்தான். ரிஸ்வானா சொன்ன அந்தப் பெண் யாருடைய முந்தானையையோ பிடித்துக்கொண்டிருந்தாளே, அது நான்தான் என்று அன்றே எனக்குத் தெரிந்துவிட்டது.

ராமாத்தாள் அம்மாவைக் கேட்டிருக்கலாம். ஒரு வார்த்தைதான். ஆனால் அதைக் கேட்க வேண்டுமானால் அம்மா வர மாட்டாள் என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். மூன்று மாதமாக அம்மா வருகிறாள் வருகிறாள் என்று சொல்லிச் சொல்லி, எனக்கே அவள் பஸ் ஏறிவிட்ட மாதிரி ஆகிவிட்டது. அதைக் கலைக்க மனசு வரவில்லை. இவ்வளவு பெரிய முட்டாள் இந்தத் திருப்பூரில் வேறு யாரும் இருக்க மாட்டாள்.

அக்டோபர் 14, திங்கள், பெரியாஸ்பத்திரி

நர்சு ஒரு பேனா கொடுத்தார். மெதுவாக எழுதுகிறேன், இடது கையில் இன்னும் ஊசி குத்தியிருக்கிறது.

வெள்ளிக்கிழமை ஆயுத பூஜை. பிரிட்டோ காலையிலேயே கம்பெனி பூஜைக்குப் போய்விட்டார். மெஷின் சத்தத்தில் போனை எடுக்க மாட்டார், அதுவும் பூஜை நாளில் கேட்கவே வேண்டாம். நான் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தேன். திடீரென்று கண்ணுக்கு முன்னால் பூச்சி பூச்சியாகப் பறந்தது. சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். வயிற்றில் கை வைத்துப் பார்த்தேன். பிள்ளை எப்போதும் அந்நேரம் உதைத்துக்கொண்டே இருக்கும். அன்று இல்லை.

அப்போது போய்விட்டது என் ரோஷம், வீம்பு எல்லாம். குரூப்பைத் திறந்து பட்டனை அழுத்தினேன். "எங்கம்மா வர மாட்டாக. எப்பவுமே வர மாட்டாக. நான் பொய் சொன்னேன். நர்சம்மா செவ்வாய்க்கெழமையே அட்மிட் ஆகச் சொன்னாக, நான் போகல. கண்ணு மங்குது. எனக்கு ஆளில்ல" என்று சொன்னேன். சொன்னேன் என்ன, ஊளையிட்டேன்.

அரை நிமிஷத்தில் ரிஸ்வானாவின் போன். "கதவைத் தொறந்து வச்சிட்டு வாசல்லயே உக்காரு. எந்திரிக்காத. இவரு கிளம்பிட்டாரு" என்றாள். அப்புறம், "மூணு மாசமா எங்களை யாருன்னு நெனச்சே நீ?" என்று கேட்டாள். சுவரைப் பிடித்தபடி வாசலுக்கு நகர்ந்தேன்.

பத்தே நிமிஷம். சந்துக்குள் ஆட்டோ வந்தது. முன்னால் இரண்டு பக்கமும் வாழைக்கன்று, கண்ணாடி மறையும் அளவுக்குச் சாமந்தி மாலை, பின்னால் பட்டையாகச் சந்தனம். ஸ்டாண்டில் பூஜை போடுகிறபோது மற்ற வண்டிகளோடு சேர்த்து ரிஸ்வானாவின் வீட்டுக்காரர் ஜமால் அண்ணன் வண்டிக்கும் கட்டியிருக்கிறார்கள். அவிழ்க்க நேரம் இல்லாமல் அப்படியே வந்துவிட்டார். அந்த வாழை இலைகளுக்கு நடுவிலிருந்து ராமாத்தாள் அம்மா இறங்கினார், கையில் ஒரு கட்டைப்பை. தேன்மொழி போன் போட்டுச் சொல்ல, ஜமால் அண்ணன் வழியில் அவரை ஏற்றிக்கொண்டு வந்திருக்கிறார்.

"நீயெல்லாம் படிச்ச புள்ளையா?" இதுதான் முதல் வார்த்தை. "ஒரு வார்த்தை சொல்லீருக்கலாமல்லொ? நானென்ன காசா கேக்கப் போறேன்? எந்திரி சாமி, என்ற தோளப் புடி."

"பாத்திரம் பாதியில கெடக்கு" என்றேன் நான். அந்த நேரத்தில் என் வாயில் வந்தது அதுதான்.

"கெடந்துட்டுப் போவுது போ!"

வழியெல்லாம் திட்டினார். திட்டத் திட்ட எனக்கு மூச்சு ஒழுங்காக வந்தது. யாராவது என்னை அப்படித் திட்டி மூன்று வருஷம் ஆகிறது.

ஆஸ்பத்திரியில் பார்த்தபோது நூற்று எழுபது. உடனே ஊசி போட்டார்கள். வயிற்றில் ஒரு கருவியை வைத்து டாக்டரம்மா தேடினார். பிறகு டக்டக்கென்று குதிரை ஓடுகிற சத்தம் அந்த அறை முழுக்கக் கேட்டது. "நல்லா இருக்கு. இன்னும் ஒரு நாள் விட்டிருந்தா என்ன ஆயிருக்கும்னு எனக்கே தெரியாது" என்றார் டாக்டரம்மா. ராமாத்தாள் அம்மா சேலைத் தலைப்பால் மூக்கைத் துடைத்துவிட்டு, ஒன்றும் நடக்காத மாதிரி என் தலைமுடியை அள்ளி முடிந்தார்.

உடன் இருப்பவர் விவரம் எழுத, என் பையில் இருந்த சுகாதார நிலையத்து லெட்டரோடு ஒரு நர்சு வந்தது. "இங்க பேச்சியம்மாள்னு இருக்கு. நீங்க யாரு?"

"ராமாத்தாளுங்க."

"பேஷன்டுக்கு என்ன உறவு?"

"ஒறம்பரைதானுங்க."

ஒறம்பரை என்றால் இந்த ஊரில் சொந்தக்காரர். நர்சும் மேலே கேட்கவில்லை. பேச்சியம்மாளை ஒரு கோடு போட்டு அடித்துவிட்டு மேலே எழுதிக்கொண்டது. அந்தக் கோட்டைப் பார்க்க எனக்கு ஒரு நிமிஷம் வலித்தது. அப்புறம் நிஜ வலியே வந்துவிட்டது, மற்றதை நினைக்க நேரமில்லை.

வலி வர வைக்க முன்னாலேயே மருந்து வைத்திருந்தார்கள். சனிக்கிழமை காலை வரை இழுத்தது. அவ்வளவு நேரமும் அவர் என் இடுப்பைத் தேய்த்துவிட்டபடி பேசிக்கொண்டே இருந்தார். எல்லாம் தேன்மொழியைப் பற்றி. அவள் இட்லியை எண்ணினார் என்ற கதை உண்டல்லவா? அவள் இரண்டு தின்றுவிட்டு நான்கு தின்றேன் என்று புளுகுவாளாம், அதனால்தான் எண்ணினாராம். போனை எடுத்துக் கேட்பது உண்மைதானாம். "என்னையப் பத்தி என்ன சொல்றான்னு கேக்க வேண்டாமா? ஆனா நல்லாத்தான் சொல்றா, எனக்கே சிரிப்பு வந்துரும்" என்றார். தேங்காய் பன் விவகாரமும் அவருக்குத் தெரியும். வலிக்கு நடுவில் சிரித்து வைத்து நர்சிடம் திட்டு வாங்கினேன்.

கடைசியில் சிரிப்பெல்லாம் இல்லை. அவர் கையைப் பிடித்தவள் விடவில்லை. அவர் மோதிரம் என் விரலில் பதிந்த தழும்பு இன்னும் இருக்கிறது. "அம்மா, அம்மா" என்று கத்தினேன். யாரைக் கூப்பிட்டேன் என்று எனக்குத் தெரியாது. ஆனால் ஒவ்வொரு தடவையும் "இங்கதான் கண்ணு இருக்கறேன்" என்று பதில் வந்தது.

பத்து இருபதுக்குப் பிறந்தாள். பெண். இரண்டு கிலோ அறுநூறு. வந்ததும் வீல் என்று கத்தினாள் பாருங்கள், நர்சு "அம்மா மாதிரியே தொண்டை" என்றது. எனக்கு அழுகை நிற்கவில்லை. அப்பாடா, அப்பாடா என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தேனாம்.

பிரிட்டோ வாசலில் இரண்டு நாள் சாப்பிடாமல் நின்றிருக்கிறார். ஜமால் அண்ணன்தான் கம்பெனிக்கே போய்க் கூட்டி வந்தாராம். குழந்தையைக் கையில் வாங்கிய பிறகு, "என்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்ல வடிவு" என்றார். திட்டியிருந்தால் தேவலை. இனிமேல் சொல்கிறேன் என்றேன். நிஜமாகத்தான் சொன்னேன்.

அக்டோபர் 15, செவ்வாய்

பிரஷர் நூற்று முப்பதுக்கு இறங்கிவிட்டது. நாளைக்கோ மறுநாளோ அனுப்பிவிடுவார்கள்.

சுகாதார நிலையத்து நர்சம்மா வந்து பார்த்தார். அட்மிட் ஆகிவிட்டேன் என்று பொய் சொன்னதற்கு ஒரு மணி நேரம் அர்ச்சனை. முழுக்க வாங்கிக்கொண்டேன், ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. போகும்போது குழந்தையின் காலைத் தடவிவிட்டு, "உங்கம்மாவுக்கும் வெள்ளிக்கிழமை காலையில போன் பண்ணினேன். நிறைமாசமா இருக்கற பொண்ணுக்கு பிரஷர் அதிகம், நீங்க வார்டுல கூடத்தானே இருக்கீங்கன்னு கேட்டேன். ஒண்ணும் பேசாம வச்சிட்டாங்க. அப்பவே சந்தேகப்பட்டேன்" என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

சாயங்காலம் ரஷ்மிதா பிள்ளையோடு வந்தாள், பிரசவத்துக்கு இன்னும் ஒரு வாரம் இருக்கிற ரிஸ்வானாவும் கூட வந்தாள். ரிஸ்வானாவுக்கு இன்னும் கோபம் தீரவில்லை, பேசாமலே பிரியாணி டப்பாவைத் திறந்து வைத்தாள். ஆஸ்பத்திரியில் அதைச் சாப்பிடக் கூடாது என்று ராமாத்தாள் அம்மா பிடுங்கிக்கொண்டார். பிறகு வராந்தாவில் உட்கார்ந்து அவரே சாப்பிட்டார். தேன்மொழிக்கு மாதம் நிறைந்துவிட்டதால் வர முடியவில்லை. வாய்ஸ் மெசேஜ் அனுப்பியிருந்தாள்: "எங்கத்தைய இன்னும் ரெண்டு நாள் வேணும்னாலும் வச்சுக்கோ. டிவி ரிமோட்டு இப்பத்தான் என்ற கைக்கு வந்திருக்கு." ராமாத்தாள் அம்மாவுக்கும் போட்டுக் காட்டினேன். "பாத்தியா அவ வாய?" என்று பெருமையாகக் கேட்டார்.

அக்டோபர் 16, புதன்

மத்தியானம் போன் அடித்தது. புது நம்பர். பிள்ளை பால் குடித்துக்கொண்டிருந்தாள், ஒரு கையால் எடுத்தேன்.

"வடிவு."

நான் பேசவில்லை. பேசினால் கட்டாகிவிடுமோ என்று பயம்.

"நர்சு போன் பண்ணுச்சு. அன்னையிலருந்து எனக்குச் சோறு எறங்கல. நெசமா, நீ முழுகாமலா இருந்த?"

"பெத்துட்டேம்மா. சனிக்கெழமை. பொம்பளப் புள்ள."

அந்தப் பக்கம் தீப்பெட்டி ஆபீசின் இரைச்சல் கேட்டது. யாரிடமோ போனைக் கடன் வாங்கிப் பேசுகிறாள்.

"பக்கத்துல யாரு இருந்தா?" என்று கேட்டாள். பிள்ளை யார் சாயல், என்ன எடை, எதையும் கேட்கவில்லை. முதலில் அதைத்தான் கேட்டாள்.

"ராமாத்தா அம்மா இருந்தாக."

"அது யாரு?"

"தேன்மொழியோட மாமியா."

"தேன்மொழி யாருட்டி?"

"என்கூட சர்க்கரைத் தண்ணி குடிச்சவ."

எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. அம்மாவும் அழுகையோடு சிரித்தாள். மூன்று வருஷத்துக்குப் பிறகு அம்மாவிடம் பேசுகிறேன், ஒரு பொய்கூடச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அப்பாவைப் பற்றி அவளும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. வருகிறேன் என்றும் சொல்லவில்லை. "அந்தம்மாகிட்டப் போனைக் குடு" என்றாள்.

கொடுத்தேன். ராமாத்தாள் அம்மா ஸ்பீக்கரில் போட்டு மடியில் வைத்துக்கொண்டார்.

"அழுவாதீங்க. புள்ளைக்கு ஒரு கொறையும் இல்லீங்க. உங்க பொண்ணுதான் சொன்ன பேச்சு கேக்கறதில்ல."

"சின்னப் புள்ளையிலயே அப்படித்தாங்க" என்றாள் அம்மா மூக்கை உறிஞ்சிக்கொண்டு. "காய்ச்ச வந்தாக்கூடச் சொல்ல மாட்டா. தொட்டுப் பாத்துத்தான் கண்டுபிடிக்கணும்."

"இங்கயும் அதே கூத்துதானுங்க! மூணு நாளு பிரஷர மறைச்சு வெச்சிருந்தா. நானா இருந்தா நாலு வெச்சிருப்பேன்."

"வையுங்க. நான் ஒண்ணும் கேக்க மாட்டேன்."

பூண்டு எத்தனை பல் போடுவது, பெருங்காயம் எப்போது கொடுப்பது என்று பேச்சு போயிற்று. சுற்றிச் சுற்றி மறுபடி என் பிடிவாதத்துக்கே வந்தது. எட்டு வயதில் நான் செருப்பை வீசிய கதையை அம்மா எடுத்தாள். அதெல்லாம் பொய் என்று சொல்ல வாயைத் திறந்தேன், ராமாத்தாள் அம்மா கையைக் காட்டி அடக்கிவிட்டார். பிள்ளை பால் குடித்து முடித்துத் தூங்கிவிட்டிருந்தாள். இரண்டு பேரும் என்னைக் குறை சொல்லிக்கொண்டே இருந்தார்கள். கேட்டுக்கொண்டே நானும் தூங்கிவிட்டேன்.